பாறை குடித்த திறப்பு விழா

பெக்கோக் ஸ்டேஷனிலிருந்து ஆறு கல் உள்ளே இருந்த மஞ்சப்பாறை ரப்பர் தோட்டத்தில், 1927ஆம் வருஷம், தண்ணீருக்குத் திறப்பு விழா நடத்துவதென்று முடிவாயிற்று. அதுவரை தண்ணீர் யாரும் திறந்துவைக்காமலேதான் வந்துகொண்டிருந்தது. சதுப்பிலிருந்து வந்தது. கூலிக்காரர் குடியிருந்த லயத்துப் பெண்கள் தகர டின்னில் மொண்டு வந்தார்கள். மழைக்காலத்தில் அதைக் குடித்து வயிற்றால் போய் நாலைந்து பேர் செத்தார்கள். சர்க்கார் டாக்டர் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, நல்ல தொட்டி ஒன்று கட்டியாக வேண்டும் என்று எழுதிவைத்துப் போனார்.

திட்டம் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கனகராஜுடையது. லயத்துக்குப் பின்னால் மஞ்சள் மணற்கல் குன்று ஒன்று இருந்தது. அதன் இடுப்பில் ஒரு பள்ளம், சாய்த்துவைத்த சட்டி மாதிரி, மூன்று பக்கம் பாறையும் ஒரு பக்கம் திறப்புமாகக் கிடந்தது. திறந்த பக்கத்தில் ஒரு சுவரை எழுப்பி, மலை ஓடையைக் குழாய் வழியாக உள்ளே விட்டால் தொட்டி. "பாதி கடவுள் கட்டினது, மீதிப் பாதி நாம கட்டப்போறது" என்று துரையிடம் சொன்னார் கனகராஜ். லண்டனில் இருந்த கம்பெனிக்குக் கடிதம் போனபோது அதில் கடவுளின் பாதி விடுபட்டுப்போயிருந்தது.

கனகராஜ் ஆபீசுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத மனிதர். அவர் நடந்தால் முன்னால் பேண்டு வாத்தியம் போகிறதோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். சுவரைக் கட்டும் வேலையை அவர் கொத்தனார் அய்யாவுவிடம் விட்டார். அய்யாவு இருந்தால் வேலுவும் இருப்பான். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் கப்பல் கூட்டாளிகள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பல் ஏறியவர்கள். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கப்பல் கூட்டாளியோடு கூடாது என்பது தோட்டத்தில் எழுதாத சட்டம். நடுக்கடலில் அய்யாவுக்குக் காய்ச்சல் கண்டபோது, கப்பல் டாக்டர் முன்னால் வேலு நின்று, "இவனுக்கு ஒண்ணுமில்லீங்க, நேத்து ரெண்டு தட்டு சோறு தின்னான், அந்தச் சூடு" என்று கண் இமைக்காமல் சொன்னான். அன்று அப்படிச் சொல்லியிராவிட்டால் அய்யாவை எங்கே இறக்கியிருப்பார்களோ. அதிலிருந்து வேலுவின் வாயின் மேல் அய்யாவுக்குப் பெரிய மரியாதை.

சுவர் எழும்பி முடிந்தது. விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அய்யாவு தரைப் பாறையைச் சோதித்தான். சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாறைமேல் நாலு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது காயும்வரை குந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல பாறை ஒரே சீராக வெளுக்கும். விரிசல் இருந்தால் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் கறுப்புக் கோடாக நிற்கும். குடித்ததை அடக்கி வைத்துக்கொண்டு கடைசியில்தான் விடும்.

அன்று மஞ்சப்பாறை காயக் காயக் கோடுகள் கிளம்பின. ஒன்று, மூன்று, ஏழு. அப்புறம் எண்ண முடியவில்லை. தரை முழுக்க உள்ளங்கை ரேகை மாதிரி ஓடி, சுவரின் அடியில் போய் நுழைந்தன.

"அலமாக்!" என்று மலாய்க்காரர் மாதிரி தலையில் கை வைத்தான் வேலு. "தொட்டின்னு சொல்லி நம்மளச் சல்லடைக்குச் சுவரு கட்ட வெச்சிட்டாங்களே கூட்டாளி."

"கையி நுழையிற வெடிப்பா இருந்தா பயமில்லடா. கண்ணுக்குத் தெரியும், அடைச்சிடலாம். இது மயிர் வெடிப்பு. தண்ணி இதுல விழறதில்ல, இதுதான் தண்ணிய இழுக்குது. இடுக்கு எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு இழுப்பு. இழுத்து உள்ள இருக்கிற காஞ்ச கல்லுக்கு ஊட்டும். அது குடிச்சிட்டு, இன்னும் கொண்டான்னு கேக்கும்."

"கிராணிகிட்ட யாரு சொல்றது?"

"ரெண்டு பேரும் போய்ச் சொல்றது."

போனார்கள். அய்யாவு சும்மா போகவில்லை. துரையின் பழைய குதிரை வண்டி விளக்கிலிருந்து கழற்றிப்போட்ட இரண்டு சதுரக் கண்ணாடிகளைக் கையில் எடுத்துக்கொண்டான். வேலு தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டான்.

"கல்லு தண்ணி குடிக்குதா?" கனகராஜ் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "ஏம்ப்பா, கல்லு என்ன மாடா? நாளைக்குப் புல்லு கேக்குதுன்னு வந்து நிப்பீங்க."

அய்யாவு இரண்டு கண்ணாடிகளையும் சேர்த்து, ஒரு ஓரத்தை இறுக்கிப் பிடித்து, மறு ஓரத்தில் ஒரு தென்னங்குச்சியை இடுக்கினான். நூலால் சுற்றி, வேலு நீட்டிய வாளியில் நட்டுவைத்தான். குச்சி இருந்த பக்கம், இடைவெளி அதிகமான இடத்தில், தண்ணீர் சும்மா நின்றது. இறுக்கிய பக்கத்தை நோக்கிப் போகப் போக ஏறியது. கடைசி ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கிடுகிடுவென்று தொற்றிக்கொண்டது. யாரும் ஊற்றவில்லை, யாரும் ஊதவில்லை.

கனகராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தரம் செய்" என்றார்.

மூன்று தரம் செய்தான். மூன்றாவது தரம் கனகராஜ் தானே செய்து பார்த்தார். ஏறியது. தொப்பியைக்கூடக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அவர் தலை வழுக்கை என்று வேலுவுக்கு அன்றுதான் தெரியும்.

"சரி, இதுக்கு என்ன மருந்து?"

"புத்துமண்ணுல சுண்ணாம்பு சேத்து ஒரு பூச்சு பூசணும் ஐயா. மிதிச்சு மிதிச்சு ஏத்தணும். அது வெடிப்புக்குள்ள போய் உக்காந்துக்கும். ஆனா ஒரு நாளும் காய விடக் கூடாது, ஈரச் சாக்கு மூடியே கெடக்கணும்."

"செய்யுங்க. துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க வெளிய மூச்சு விடாதீங்க. அந்தக் கண்ணாடிய இங்கயே வெச்சிட்டுப் போ."

அய்யாவு கலந்தான், வேலு மிதித்தான். இரண்டு வாரத்தில் தரை முழுக்கப் பழுப்பாய், வழவழவென்று அமைந்தது. அரைத் தொட்டி தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். மூன்று நாளில் ஒரு விரற்கடைதான் இறங்கியது, அதுவும் வெயிலுக்கு. அய்யாவின் பெண்டாட்டி ராசம்மா குடத்தோடு ஏறி வந்து, முதல் குடம் தானே மொண்டுகொண்டு போனாள். குடத்துக்குள் எட்டிப் பார்த்து, "அடி தெரியுதுய்யா!" என்றாள்.

இதற்கிடையில் பங்களாவில் விருந்து நடந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள் எல்லாரும் கூடியிருக்க, கனகராஜ் வெள்ளித் தட்டில் தண்ணீர் விட்டு, இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடித்து வித்தை காட்டினாராம். துரைசாணிமார் கை தட்டினார்களாம். நம் கிராணிக்கு விஞ்ஞான மூளை என்று துரை அவர் தோளில் தட்டினாராம். பங்களாச் சமையல்காரர் இதைச் சொன்னபோது அய்யாவு சிரித்தான். "செய்யட்டும்ப்பா. தொட்டி நின்னாப் போதும்."

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் கனகராஜ் குன்றேறி வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது? லண்டன்லேருந்து சேர்மன் துரையும் துரைசாணியும் வராங்க. எருமை குளிக்கிற குட்டை மாதிரி வெச்சிருக்கீங்க!"

"ஐயா, அந்தப் பூச்சுதான்..."

"தெரியும்யா, எனக்கே சொல்றியா? சுரண்டு. தேங்காமட்டை போட்டுத் தேய். வெயில்ல நல்லாக் காயட்டும். மேல வெள்ளையடி. பாலு மாதிரி இருக்கணும்."

"காஞ்சா குடிச்சிடும் ஐயா. முன்னைவிட மோசமாக் குடிக்கும்."

"விழா ஒரு நாளு. ஒரு நாளைக்குள்ள எவ்வளவு குடிச்சிடும்? மறுநாளே உன் சேத்தப் பூசிக்க. நான் சொல்றேன்ல, நான் பொறுப்பு." அப்புறம் குரலை இறக்கி, "வேலு, நீயும் கேட்டுக்க. நான் பொறுப்பு" என்றார்.

வேலு தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் அய்யாவுக்குப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

தண்ணீரை வடித்துவிட்டுச் சுரண்டினார்கள். ஒன்பது நாள் வெயில் பாறையை வறுத்து எடுத்தது. வெள்ளையடித்த பிறகு தொட்டி கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி பளிச்சென்று இருந்தது.

விழாவன்று விடிய நிரப்பத் தொடங்கினார்கள். பாறை குடித்ததைவிடக் குழாய் அதிகம் கொடுத்ததால் பத்து மணிக்குச் சுவரில் வரைந்திருந்த சிவப்புக் கோட்டைத் தண்ணீர் எப்படியோ தொட்டுவிட்டது. துரைசாணி, சுவரை ஒட்டி உயரமாகப் போட்ட மேடையில் குனிந்து ஒரு தாமரைப் பூவை மிதக்கவிட வேண்டும், அதற்காகக் கோடு. கீழே சுவரின் காலடியில், தட்டைப் பாறையில் பந்தல் போட்டு, பங்களாவின் சிவப்புக் கம்பளத்தை விரித்து, நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

சேர்மன் துரை பேச எழுந்தார். குழாய்த் தண்ணீர் சோவென்று கொட்டும் சத்தத்தில் அவர் குரல் கேட்கவில்லை. கனகராஜ் கையை உயர்த்தினார்.

"குழாயை மூடு!"

மேலே சுவரின் முனையில் நின்றிருந்த அய்யாவு சிவப்புக் கோட்டைத் திரும்பிப் பார்த்தான். வேலு குழாயை மூடினான்.

சேர்மன் அரை மணி நேரம் பேசினார். தோட்டத் தொழிலாளர்மேல் கம்பெனிக்கு இருக்கும் பாசம் ஆழங்காண முடியாதது என்றார். அவர் பாசத்தின் ஆழத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில் தொட்டியின் ஆழம் நாலு விரற்கடை குறைந்தது. கனகராஜ் அதைத் தமிழில் சொல்ல எழுந்தார். சேர்மன் சொன்னதைச் சொல்லி, சொல்ல மறந்ததையும் சொல்லி, நடுவில் தன்னைப்பற்றி அவர் சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்துச் சொன்னதில் முக்கால் மணி ஓடியது. தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. அய்யாவு மேலேயிருந்து கைஜாடை காட்டினான். தன் பேச்சைப் பாராட்டுகிறான் என்று நினைத்துக் கனகராஜ் இன்னும் கொஞ்சம் பேசினார்.

முதலில் சேர்மனின் துரைசாணி காலைத் தூக்கினாள். பிறகு சேர்மன் தூக்கினார். கம்பளத்தின் சிவப்பு நடுவிலிருந்து கறுத்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தது. பாறைக்குள் போன தண்ணீர் வேறெங்கே போகும்? பந்தலுக்கு அடியில் நூறு கோடுகளில் வேர்த்து, பெரிய மனிதர்களின் பூட்சுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. துரைசாணி தாமரையோடு மேடையேறிக் குனிந்தாள். கை எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். கடைசியில் பூவைப் போட்டாள். அது இரண்டு முழம் கீழே போய், 'தொப்' என்று விழுந்தது.

லயத்துக் கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆபீசில் விசாரணை. துரை கெட்டவர் என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். அந்தத் தமிழைப் பேசும்போதெல்லாம் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொள்வார்.

"கிராணி சொல்றார், நீ சுவர் கட்ட சுத்தியல் அடிச்சு அடிச்சு பாறை வெடிச்சது. அப்புறம் சொல்லாமல் மறைச்சது. நெசமா?"

"பொய்யி தொரே. வெடிப்பு பாறைக்குக் கூடப் பொறந்தது. ஒரு மாசத்துக்கு முன்ன நான் ஐயாகிட்டச் சொன்னேன். கண்ணாடி வெச்சுக் காட்டினேன். பங்களாவுல அவரு காட்டினாரே, அது நான் காட்டினது."

துரை கனகராஜைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அய்யாவுக்கு உயிர் வந்தது.

"அது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம், சார்" என்றார் கனகராஜ். "இந்த ஆளுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. இவன் எனக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தானாம்."

துரை மேசையை விரலால் தட்டினார். "அய்யாவு, நீ காட்டும்போது வேற யார் இருந்தது?"

"வேலு இருந்தான் தொரே! வாளியப் புடிச்சிட்டு நின்னதே அவன்தான். பூச்சைச் சுரண்டச் சொன்னப்பவும் இருந்தான். கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட அவசியமிருக்கவில்லை. வேலு ஏற்கெனவே வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான். பதினாலு வருஷமாக அந்த பெஞ்சியில் அவர்கள் இருவரும் உட்கார்ந்ததில்லை, நின்றுதான் பழக்கம். அய்யாவு அதைப் பார்த்தும், பார்க்காத மாதிரி மனசுக்குள் ஒதுக்கினான்.

"வேலு, அய்யாவு கிராணிக்குக் கண்ணாடி காட்டினது நீ பார்த்தது?"

வேலு உள்ளே வந்து நின்றான். தலை குனிந்திருந்தால்கூடத் தேவலை. நேராக நிமிர்ந்து, அய்யாவின் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"இல்லீங்க தொரே. எந்தக் கண்ணாடியும் நான் பாக்கல. அய்யாவு நல்ல வேலைக்காரன்தான், ஆனா வெடிப்பப் பத்தி எங்கிட்டயே மூச்சு விடல. தரை வேலையெல்லாம் அவன் ஒருத்தனாத்தான் பாத்தான்."

கண் இமைக்கவில்லை. கப்பல் டாக்டர் முன்னால் நின்ற அதே முகம். அன்று பின்னாலிருந்து அதைக் கேட்டுத்தான் அய்யாவு பிழைத்தான். எதிரே நின்று பார்த்தால் அது எப்படியிருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

"கூட்டாளி..." என்றான். சொல்ல ஆயிரம் இருந்தது, எல்லாம் வேலு ஆமாம் என்றால்தான் செல்லும்.

துரை கழுத்துப் பட்டியை மறுபடி இறுக்கிக்கொண்டார். இங்கிலீஷுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். கனகராஜ் அதைத் தமிழில் சொன்னார். இந்தத் தடவை சுருக்கமாகவே சொன்னார்: நாளைக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும், காரணம் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் எழுதிப் போகும். அதே மூச்சில், வேலு இனிமேல் தொட்டி வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்பதும் தெரியவந்தது.

சாயங்காலம் ராசம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். "அவன் பொண்டாட்டிக்கு ரெண்டு பிரசவம் பாத்த கையி இது" என்று ஒரு தடவை சொன்னாள். நடுச் சுவருக்கு அந்தப் பக்கம் வேலுவின் வீடு. அங்கே இருமலைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பெக்கோக் ஸ்டேஷனில், குளுவாங் போகும் ரயிலுக்காக அய்யாவும் ராசம்மாவும் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். குளுவாங்கில் ஒரு சீனர் செங்கல் சூளை வைத்திருக்கிறார், தோட்டத்துக் கடிதம் அவருக்குப் போகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பயணம்.

ஆறு கல்லையும் நடந்தே வேலு வந்தான். வேர்த்து ஊற்றியது. எதிரே வந்து நின்று, மூட்டையைப் பார்த்தான், தண்டவாளத்தைப் பார்த்தான்.

"சாப்பிட்டியா?"

அய்யாவு மூட்டையின் முடிச்சை இறுக்கினான்.

"நான் உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாரு கிராணி. ரெண்டு பேரும் போய் என்ன பிரயோசனம் சொல்லு? ஒருத்தனாவது இருந்தா..."

"இருந்தா?" என்றாள் ராசம்மா.

வேலு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, வந்த விஷயத்துக்கு வந்தான்.

"தொட்டி மறுபடி நிக்கணும்னு தொரை சொல்லிட்டாரு. ரெண்டு வாரந்தான் குடுத்திருக்காரு. கிராணி, 'நீதான கூட இருந்த, நீயே பூசு'ங்குறாரு. நான் மிதிச்சதோட சரி, கலவை உன் கணக்குதான. புத்துமண்ணு எத்தன பங்கு, சுண்ணாம்பு எத்தன பங்குன்னு..."

ராசம்மா எழுந்தே விட்டாள். "நேத்து ஒண்ணுமே பாக்காத கண்ணு, இன்னிக்கு இதைக் கேக்க மட்டும் நாக்கு வருதா? சொல்லாதய்யா. ஒரு வார்த்த சொல்லாத. சல்லடைக்கு மண்டோரா இருக்கட்டும்!"

தூரத்தில் ரயில் ஊதியது. அய்யாவு தன் கைகளைப் பார்த்தபடி இருந்தான். சொல்லாமல் போனால் இரண்டு வாரத்தில் வேலுவும் இதே ஸ்டேஷனில் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பான். அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துச் சப்பினான். ஆனால் கனகராஜ் அப்போதும் நாற்காலியில்தான் இருப்பார். சதுப்புத் தண்ணீர் மறுபடி தகர டின்னில் லயத்துக்கு வரும். மழைக்காலத்துக்கு இன்னும் ஐந்து வாரம்.

"புத்துமண்ணு மூணு" என்றான். "சுண்ணாம்பு ஒண்ணு. நீத்துன சுண்ணாம்பு, பச்சையாப் போட்டுடாத. பாறைய மொதல்ல ரெண்டு நாளு நனைச்சே வை, குடிச்சு அடங்கட்டும். அப்புறந்தான் பூச்சு. கலவை ஊறணும். மிதிச்சு முடிச்ச அன்னிக்கே சாக்குப் போட்டு மூடு. காய விட்டே, தொலைஞ்ச."

வேலு உதட்டை அசைத்து ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தான். முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் சிரிக்கவே செய்தான்.

"எனக்குத் தெரியும் கூட்டாளி. நீ மனசுல வெச்சுக்க மாட்ட."

"வெச்சிருக்கேன்" என்றான் அய்யாவு. "சாகுற வரைக்கும் வெச்சிருப்பேன். தண்ணி லயத்துக்கு. உனக்கு ஒண்ணுமில்ல எங்கிட்ட."

ரயில் வந்து நின்றது. ராசம்மா ஒரு மூட்டையைத் தூக்கினாள். அடுத்ததைத் தூக்க வேலு குனிந்தான். அதற்குள் அய்யாவு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஏறி, பலகையில் உட்கார்ந்து, எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வண்டி நகரும்போது பிளாட்பாரத்தில் யாரோ கூடவே ஓடிவரும் சத்தம் கேட்டது. வேலுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று ராசம்மாவுக்கே தோன்றியது.

"ஊறணும்னியே, எத்தன நாளு? மூணா, நாலா?"

"நாலு" என்றான் அய்யாவு, திரும்பாமலே.